டீச்சருக்கு ஒரு தம்ளர் மஞ்சள் பால்

செருப்பில் ஏறிய ஆணியோடு ஒரு பகல் முழுக்க நடந்துவிட்டு, "அட, வலிக்கவே இல்லையே!" என்று சிரித்துக்கொண்டு நின்ற டிரைவரைப் போன வாரம் வாசலிலேயே விட்டுவிட்டு வந்தோம். அந்தச் சிரிப்பு மறுநாளே அடங்கிவிட்டது. கட்டைவிரல் வீங்கிக் கறுத்துப்போய், சனிக்கிழமை காலையில் அவரைக் காரில் ஏற்றி டாக்டரிடம் கொண்டுபோக வேண்டியதாயிற்று.

கூட்டிப் போனவள் அவருடைய மனைவி. பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். ஓய்வு கிடைத்தது ஆஸ்பத்திரிக்குத்தான், வீட்டுக்கு அந்த நல்ல காலம் இன்னும் வரவில்லை. மருமகள்கள் இருவரும் முகத்துக்கு நேரே அத்தை என்பார்கள், முதுகுக்குப் பின்னால் மேட்ரன் என்பார்கள். டிரைவர் மட்டும் முகத்துக்கு நேரேயே மேட்ரன் என்று கூப்பிடுவார். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவருக்கு அந்தத் துணிச்சல்கூட இல்லாவிட்டால் எப்படி?

பெரிய மருமகள் பள்ளிக்கூட டீச்சர். அவள் கணவன் கப்பலில் மெக்கானிக், வருஷத்தில் பாதி கடலில் கழியும், இப்போதும் கடலில்தான். சின்ன மருமகளுக்குப் பேக்கரியில் கேக் மேல் கிரீமில் பூ வைக்கிற வேலை. அவள் கணவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் இருக்கிறான். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் பார்வையைச் சரிசெய்து அனுப்புகிறவன், அம்மாவுக்கு எதிரில் மட்டும் தரையைத் தவிர வேறெதையும் பார்த்ததில்லை.

கார் திரும்பி வந்தபோது டீச்சர் சமையலறை ஜன்னலருகில் நின்றிருந்தாள். கார்க் கதவு அடித்துச் சாத்தப்பட்ட சத்தத்திலேயே அவள் ஜன்னலை விட்டு விலகிக்கொண்டாள்.

ஏன் விலக வேண்டும்? விடாமல் படித்து வருகிறவர்களுக்குத் தெரியும். இந்த வாரம்தான் உள்ளே நுழைகிறவர்களுக்காக இன்னொரு முறை சொல்லிவிடுகிறேன்.

நாள் முழுக்கப் பிள்ளைகளோடு கத்திக் கத்தி டீச்சருக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். அதற்கு மேட்ரன் கண்டுபிடித்த வைத்தியம் மஞ்சள் பால். சாயங்காலம் டீச்சர் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து முகம் கழுவுவதற்குள் ஒரு பெரிய தம்ளர் நிறையத் தயாராகிவிடும். ஆனால் டீச்சருக்குப் பால் ஆகாது. குடித்த சற்று நேரத்தில் வயிறு உப்பி, முறுக்கி, உயிரை எடுத்துவிடும். கல்யாணமாகி வந்த புதிதில் அதைச் சொல்லிப் பார்த்தாள். "எத்தனை நோயாளி இந்தக் கதையை என்கிட்ட சொல்லியிருக்காங்க தெரியுமா? குடி, பழகிடும்" என்று மேட்ரன் முடித்துவிட்டாள்.

கொஞ்ச நாள் டீச்சர் பாலைப் பின்பக்கம் துவைக்கிற கல் ஓரமாகக் கொட்டினாள். கல் மஞ்சளாகிப்போயிற்று. அதைத் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம் டிரைவர் பார்த்துவிட்டார்.

"நல்ல பாலைக் கொட்டலாமாம்மா? பாவம்" என்றார். கையை நீட்டினார்.

அவருக்குச் சர்க்கரை வியாதி என்பது டீச்சருக்குத் தெரியாதா? வீட்டில் அவருக்கு மட்டும் சாப்பாட்டை அளந்து போடுகிற கரண்டியைத் தினமும் பார்க்கிறவள்தானே! முதல் நாள் அரைத் தம்ளர்தான் கொடுத்தாள். பிறகு முழுத் தம்ளர். பிறகு, "தொண்டைக்கு இதமா இருக்கு அத்தை, இனிப்பு மட்டும் இன்னும் கொஞ்சம்" என்று அவளே கேட்டு வாங்க ஆரம்பித்தாள். கேட்கச் சொன்னவர் டிரைவர். அந்தப் பின்வாசல் படியில் மாமனாரும் மருமகளும் தினமும் கொஞ்ச நேரம் சிரித்துப் பேசினார்கள். அந்த வீட்டில் அவள் சிரித்த இடம் அது ஒன்றுதான்.

காலித் தம்ளரைப் பார்க்கும்போதெல்லாம் மேட்ரனுக்குப் பெருமை தாங்காது. "இந்த வீட்ல சொன்ன பேச்சைக் கேக்கற ஒரே ஆள் நீதான்" என்பாள். சாவிக்கொத்துகூட இப்போது டீச்சரிடம்தான் இருக்கிறது.

சரி, கதைக்கு வருவோம்.

டிரைவரைக் கூடத்து நாற்காலியில் உட்காரவைத்து, கட்டுப் போட்ட காலை முக்காலியில் தூக்கி வைத்தான் இளைய மகன். மேட்ரன் கைப்பையை மேஜையில் வைத்தாள். வைத்த விதத்தில் மேஜைமேல் இருந்த தம்ளர்கள் ஆடின.

"எல்லாரும் இங்க வாங்க" என்றாள்.

மாடியிலிருந்து சின்னவள் இறங்கி வந்தாள். அன்று அவளுக்கு மதியத்துக்கு மேல்தான் வேலை. தலைக்குக் குளித்த ஈரத்தோடு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"சர்க்கரை முந்நூறுக்கு மேல. புண் ஆறணும்னா அது இறங்கியாகணும். இறங்கலன்னா அடுத்த வாரம் கட்டைவிரலை எடுத்துடுவாங்க. அப்பவும் இறங்கலன்னா விரலோட நிக்காது."

டிரைவர் தன் காலை வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது கூடப் பரவாயில்லை" என்றாள் மேட்ரன். அவள் அப்படித்தான் சொன்னாள். "நான் வேலை கத்துக்கொடுத்த பொண்ணுங்க சுத்தி நிக்கறாங்க. அவங்க முன்னால அந்த டாக்டர் என்னைப் பார்த்து, 'வீட்ல இவரை யாரும் கவனிக்கறதில்லையா'ன்னு கேக்கறான். என்னை! ஊர்ல இருக்கற நோயாளியெல்லாம் என் கண்ணசைவுக்குப் பயந்து மாத்திரை முழுங்கினான். என் வீட்ல என் கண்ணுல மண்ணைத் தூவிட்டு ஒருத்தர் இவருக்கு இனிப்பு குடுத்துட்டு இருக்கீங்க. யாரு?"

டீச்சர் யோசித்தாள். இப்போது சொல்லிவிடலாம். ஒரே வாக்கியம். வகுப்பில் தப்பு செய்த பிள்ளைகளிடம், 'நீயா ஒத்துக்கிட்டா ஒண்ணும் செய்ய மாட்டேன்' என்று தினமும் சொல்கிறவள் அவள். அதை நம்பி ஒத்துக்கொண்ட பிள்ளைகளுக்கு என்ன கிடைத்தது என்பதும் அவளுக்குத் தெரியும்.

"யாருன்னு கேக்கறேன். சரி, இவரையே கேக்கறேன்." மேட்ரன் கணவன் பக்கம் திரும்பினாள். "சொல்லுங்க. யார் குடுத்தா?"

டிரைவர் கழுத்தைச் சொறிந்தார். பெரிய மருமகளை ஒரு நொடி பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, வழி கேட்கிற பயணிக்குப் பதில் சொல்கிற சாவகாசத்தில் சொன்னார்.

"சின்னவதான். கேக் ஓரம் வெட்டறதுல மிஞ்சினது கொண்டுவருவா."

டீச்சருக்கு உடம்பெல்லாம் ஒரு நிம்மதி பரவியது. அந்த நிம்மதியை நினைத்து அவளுக்கே வெட்கமாக இருந்தது, ஆனாலும் அது போகவில்லை.

"மாமா!" என்றாள் சின்னவள். "நான் எப்ப குடுத்தேன்? எனக்குத் தெரியாதா மாமாவுக்கு எது ஆகாதுன்னு? எங்கப்பா இந்த வியாதியிலதான் போனாரு அத்தை. அவருக்குக் கால்ல கட்டுப் போட்டதே நான்தான்."

"அப்படியா?" என்றாள் மேட்ரன். "அப்ப ஒருத்தரை அனுப்பி வெச்சுப் பழகின கைதான்."

இளைய மகன் கூடத் தலையை நிமிர்த்தினான். நிமிர்த்தியதோடு சரி.

சின்னவள் அழவில்லை. துண்டை எடுத்து முகத்தை ஒருமுறை துடைத்துக்கொண்டாள். புருஷனைப் பார்க்கவில்லை, பழி போட்ட மாமனாரையும் பார்க்கவில்லை. டீச்சரைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். தனக்காக இரண்டு வார்த்தை பேசச் சொல்லிக் கெஞ்சுகிறாள் என்று டீச்சர் நினைத்துக்கொண்டாள். சாவிக்கொத்தை இடுப்பில் சரிசெய்துகொண்டாள்.

"பெரியவளே, நீ என்ன சொல்றே?" என்றாள் மேட்ரன். "நீ பொய் சொல்ல மாட்டே. இவ கேக் கொண்டுவந்ததைப் பார்த்திருக்கியா இல்லையா?"

பேக்கரியில் மிஞ்சியதை எல்லாருக்குமாகச் சின்னவள் எப்போதாவது கொண்டுவருவது உண்மைதான். அதை மேட்ரனும் சேர்ந்துதான் சாப்பிட்டிருக்கிறாள்.

"கொண்டு... வந்திருக்கா அத்தை" என்றாள் டீச்சர்.

பொய் ஒரு சொல்கூட இல்லை. கோவில் வாசலில் நின்றுகூட அதைச் சொல்லலாம். சொல்லிவிட்டு அவள் தரையைப் பார்த்தாள்.

"போதும்" என்றாள் மேட்ரன். "இப்ப நான் சொல்றதைக் கேளு. நீ கிளம்பி உங்கம்மா வீட்டுக்குப் போ. இவர் மாத்திரையை டாக்டர் மாத்தறேன்னாரு, நான் வேண்டாம்னுட்டேன். முதல்ல திருடனைப் பிடிக்கணும். அதே மாத்திரை, அதே சாப்பாடு, நீ மட்டும் இல்லை. நாளைக்குக் காலையில குத்திப் பார்ப்பேன். சர்க்கரை இறங்கலன்னா நானே வந்து உன்கிட்ட மன்னிப்புக் கேட்டுக் கூட்டிட்டு வரேன். இறங்கியிருந்தா நீ இந்தப் பக்கமே வர வேண்டாம்."

"ஒரு ராத்திரியில எப்படிம்மா..." என்று இளைய மகன் ஆரம்பித்தான்.

"நர்ஸ் நீயா நானா?"

அவன்தான் ஸ்கூட்டரில் மனைவியைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, அப்படியே கடைக்குப் போனான். ஈரத்தலையோடு, ஒரு பையோடு, சின்னவள் பின்னால் உட்கார்ந்து போவதை டீச்சர் ஜன்னல் வழியே பார்த்தாள்.

மேட்ரன் மத்தியானம் படுத்து எழுகிற பழக்கக்காரி. ஆஸ்பத்திரிப் பழக்கம், படுத்தவுடன் தூக்கம் வந்துவிடும். அவள் அறைக் கதவு சாத்தியதும் டீச்சர் கூடத்துக்கு வந்து டிரைவர் எதிரில் நின்றாள்.

"ஏன் மாமா அப்படிச் சொன்னீங்க?"

"பின்னே உன்னைச் சொல்லச் சொல்றியா?"

"அவ என்ன பண்ணா உங்களுக்கு? செருப்பில ஆணி இருக்குன்னு கண்டுபிடிச்சதே அவதான். கால்ல வழிஞ்ச ரத்தத்தைக் கழுவினதும் அவதான்."

"நல்ல பொண்ணுதான்" என்று ஒப்புக்கொண்டார் டிரைவர். "யோசிச்சுப் பாரும்மா. உன்னைச் சொன்னா பால் நின்னுடும். அவளைச் சொன்னா கேக்தானே நிக்கும்? எனக்குக் கேக் பிடிக்கவே பிடிக்காது. முட்டை வாசம்."

அவர் விளையாடவில்லை. நிதானமாக, குறுக்குச் சந்தில் பஸ்ஸை ஒடித்துத் திருப்புகிற கணக்கோடு யோசித்துத்தான் பேசினார். இத்தனை நாள் தன்னிடம் வெல்லம்போலப் பேசிய மனிதரைப் பார்த்து டீச்சருக்கு முதன்முதலாகப் பயம் வந்தது.

"விரலை எடுத்துடுவாங்களாம். கேட்டீங்கல்ல?"

"கேட்டேன். அந்த விரல் இருக்கறதே எனக்குத் தெரியலையேம்மா. பாலு தித்திக்கறது தெரியுது."

சாயங்காலம் மேட்ரன் எழுந்து, முகம் கழுவி, கொண்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு அடுப்பங்கரைக்கு வந்தாள். டீச்சரைக் கூப்பிட்டு எதிரில் நிறுத்திக்கொண்டாள். இன்றைக்கு அவளுக்கு மனசு லேசாக இருந்தது. யாரையாவது வீட்டைவிட்டு அனுப்பிய நாளில் அவளுக்குக் கை நன்றாக ஓடும்.

"பாரு, கத்துக்கோ. எல்லாரும் கொதிக்கற பால்ல மஞ்சத்தூளைக் கொட்டிட்டு மஞ்சப் பாலும்பாங்க. பச்சை வாடை போகவே போகாது."

சின்ன வாணலியில் ஒரு சொட்டு நெய் விட்டு, அது உருகியதும் மஞ்சள்தூளைப் போட்டு விரலிடுக்கில் பிடித்த கரண்டியால் ஒரு சுற்று சுற்றினாள். மிளகை உரலில் போட்டு இரண்டே குத்து. "மிளகு இல்லாம மஞ்சள் உடம்புல ஒட்டாது. மாவா இடிக்கக் கூடாது, தொண்டையில நிக்கும்." சுக்கைத் தட்டினாள். பட்டையில் ஒரு துண்டை ஒடித்துப் போட்டாள். ஏலக்காயை நசுக்கித் தோலோடு போட்டாள். பாலை ஊற்றி, தீயைக் குறைத்து, ஏடு படியாமல் கிண்டிக்கொண்டே நின்றாள். வெள்ளைப் பால் ஓரத்திலிருந்து மெல்ல நிறம் மாறி நடுவரைக்கும் மஞ்சளாயிற்று. அடுப்பங்கரை முழுக்க மிளகும் பட்டையும் மணந்தது. மேட்ரனிடம் ஆயிரம் குறை சொல்லலாம். கைமணத்தில் குறை சொல்ல முடியாது.

அடுப்பை அணைத்தபின்தான் நாட்டுச்சர்க்கரை. "கொதிக்கும்போது போட்டா பால் திரிஞ்சிடும்" என்றபடி ஒரு கரண்டி, இரண்டு கரண்டி, மூன்றாவதும் குவித்துப் போட்டாள். "உனக்குத் தூக்கலா வேணுமே."

வடிகட்டி, தம்ளருக்கும் கிண்ணத்துக்குமாக உயர்த்தி ஆற்றினாள். நுரை பொங்கிய தம்ளரை டீச்சர் கையில் கொடுத்தாள்.

"நாளைக்குக் காலையில தெரிஞ்சிடும்" என்றாள். "எறும்பு கூட இவர் கிட்டப் போக முடியாதபடி பார்த்துட்டிருக்கேன். நீயும் ஒரு கண் வெச்சுக்கோ."

தம்ளரை எடுத்துக்கொண்டு டீச்சர் பின்வாசலுக்குப் போனாள். வேறு எங்கே போவது? தினமும் அங்கேதான் உட்கார்ந்து குடிப்பதாகப் பேர். டிரைவர் கழி ஊன்றிக்கொண்டு அவளுக்கு முன்பாகவே வந்து படியில் உட்கார்ந்திருந்தார். கட்டுப் போட்ட காலை நீட்டியிருந்தார். கையையும் நீட்டினார்.

டீச்சர் தம்ளரைக் கொடுக்கவில்லை.

அவள் மனசில் ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் தெளிவாக வந்து நின்றன. இந்தப் பாலை அவர் குடித்தால் காலையில் சர்க்கரை இறங்காது. இறங்காவிட்டால் சின்னவள் குற்றமற்றவள் என்று ஆகிவிடும், மேட்ரன் போய் அழைத்துவருவாள். அப்புறம் வீட்டில் மிச்சமிருக்கிற ஒரே மருமகள்மேல் மேட்ரனின் பார்வை திரும்பும். அவர் குடிக்காவிட்டால் சர்க்கரை இறங்கும், விரல் தப்பும். சின்னவள் திரும்பவே முடியாது. மூன்றாவதாக ஒரு வழியும் இருந்தது. பத்தடி நடந்து அடுப்பங்கரைக்குப் போய் நடந்ததைச் சொல்லிவிடுவது. அதை அவள் நினைத்துப் பார்த்தாள், அவ்வளவுதான்.

"ஆறிடப் போகுதும்மா" என்றார் டிரைவர்.

"இன்னிக்கு இல்லை மாமா. இனிமேலும் இல்லை."

"என்ன விளையாட்டு இது? குடு."

"உங்க கால் நல்லாகணும்."

டிரைவர் குரலைத் தாழ்த்தினார். "எனக்கு ஞாபகமறதி ஜாஸ்தி. காலையில சின்னவளைச் சொன்னேன். சாயங்காலம் வேற பேரு ஞாபகம் வந்தாலும் வரும்."

டீச்சருக்குள் ஏதோ ஒன்று கெட்டிப்பட்டது. வகுப்பில் கடைசி பெஞ்சுக்காரன் முறைக்கும்போது வருகிற அதே நிதானம்.

"சொல்லுங்க. இப்பவே அத்தையைக் கூப்பிடவா? நான் குடுத்தேன், நீங்க தினமும் குடிச்சீங்க, ஒரு பொண்ணு மேல பொய்யா பழி போட்டீங்க. மூணையும் சேர்த்துச் சொல்லுங்க. அப்புறம் நீங்க தூங்கும்போதுகூட அத்தை பக்கத்துல நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாங்க."

டிரைவர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். முப்பது வருஷத்தில் எதிரே வந்த எந்த லாரிக்கும் ஒதுங்காத மனிதர் ஒதுங்கிவிட்டார்.

டீச்சர் அவர் எதிரிலேயே நின்று குடிக்க ஆரம்பித்தாள். முதல் மிடறிலேயே குமட்டியது. மிளகு தொண்டையைச் சுட்டது, தித்திப்பு பல்லில் ஒட்டியது. உள்ளே போய்க் கொட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். கொட்டியிருக்கலாம். ஆனால் அவர் பார்க்கக் குடிக்க வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. அவர் கண் தம்ளரோடு ஏறி இறங்கியது. அவர் எச்சிலைக் கூட்டி விழுங்கும் சத்தம் கேட்டது.

"அடியில நிக்கறதையாவது குடும்மா" என்றார். "சர்க்கரை அங்கதான் நிக்கும். ஒரு வாய். உன் அப்பனா நினைச்சுக் குடு." கண்ணில் நீர் கட்டிவிட்டது அவருக்கு.

டீச்சர் தம்ளரை ஒரு சுழற்று சுழற்றி, அடியில் நின்றதையும் கலக்கி, தலையை அண்ணாந்து வாயில் கவிழ்த்துக்கொண்டாள். விரலை விட்டு வழித்தும் நக்கினாள். அவருடைய காலுக்காகத்தான் இதைச் செய்கிறேன் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அதுவும் கொஞ்சம் இருந்தது.

அன்று இரவு அவள் பட்ட பாட்டை விவரிக்க வேண்டாம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். சத்தம் வெளியே கேட்காமல் தலையணையைக் கடித்துக்கொண்டாள். விடிந்தபோது உதடு வறண்டு, கண் உள்ளே போயிருந்தது.

காலையில் கூடத்தில் மேட்ரன் தயாராக இருந்தாள். ஆஸ்பத்திரி வேலைக்குக் கட்டிய பழைய வெள்ளைச் சேலையைக் கட்டியிருந்தாள். டிரைவரின் விரல் நுனியைப் பஞ்சால் துடைத்து, ஊசியால் குத்தி, ரத்தத்தைச் சர்க்கரை பார்க்கும் கருவியின் பட்டையில் தொட்டாள். இளைய மகன் சுவரோரமாக நின்று, வேலைக்குப் போட்டுக்கொண்ட சட்டையின் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான்.

எண்ணைப் பார்த்த மேட்ரனின் முகம் மலர்ந்தது. நல்ல முகம் அவளுக்கு, மலர்ந்தால் அழகாகவே இருக்கும்.

"நூறு பாயிண்டுக்கு மேல இறங்கியிருக்கு! ஒரே ராத்திரி! நான் என்ன சொன்னேன்?"

இளைய மகன் கருவியை வாங்கிப் பார்த்தான். தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தான். "அப்பாவுக்கு நல்லதுதானேம்மா" என்றான். செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான். டிரைவர் யார் முகத்தையும் பார்க்காமல், குத்திய விரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தார்.

"போன் போடு" என்றாள் மேட்ரன் டீச்சரிடம். "நீயே சொல்லு. நான் சொன்னா மாமியார் கொடுமைம்பா. நீ சொன்னா வாயடைச்சுடும்."

"நானா அத்தை?"

"பின்னே? சாவியை உன்கிட்டதானே குடுத்திருக்கேன்."

டீச்சர் போன் போட்டாள். ஒரு மணி அடித்து முடிவதற்குள் சின்னவள் எடுத்துவிட்டாள். கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறாள்.

"அக்கா? மாமாவுக்கு எப்படி இருக்கு? பார்த்தாச்சா?"

"பார்த்தாச்சு. குறைஞ்சிருக்கு."

"அப்பாடா! நிஜமாவா? நல்லாக் குறைஞ்சிருக்கா? அப்ப விரலை எடுக்க வேண்டாமில்ல?"

"இப்படியே போனா வேண்டாம்னு அத்தை சொல்றாங்க."

"ராத்திரி பூரா தூக்கமே வரலைக்கா. எங்கப்பா காலே கண்ணு முன்னால வந்துட்டு இருந்துச்சு. போகட்டும், இனிமே..."

அங்கே பேச்சு நின்றது. குறைந்தது என்றால் தனக்கு என்ன அர்த்தம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். டீச்சர் காத்திருந்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள்.

சின்னவள் மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப நேத்துப் பாலை நீங்களே குடிச்சிட்டீங்களா அக்கா?"

டீச்சர் போனைக் காதோடு இறுக்கிக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும்க்கா. மாடி ஜன்னல்லேர்ந்து எத்தனையோ நாள் பார்த்திருக்கேன். உங்களுக்குப் பால் ஆகாதுன்னும் தெரியும். மாமாகிட்ட தனியா சொல்லியும் பார்த்தேன், வேண்டாம் மாமான்னு. அந்தக் கோவம்தான் அவருக்கு." சின்னவளின் குரல் உயரவே இல்லை. "நேத்து உங்களையே பார்த்துட்டு நின்னேனே. நீங்களா சொல்லிடுவீங்கன்னு நினைச்சுத்தான் உங்க பேரைச் சொல்லாம நின்னேன். இப்பவாவது சொல்லுங்கக்கா. அத்தை பக்கத்துலதானே இருக்காங்க?"

மேட்ரன் பக்கத்தில்தான் இருந்தாள். ஊசியைப் பெட்டியில் வைத்து மூடிக்கொண்டே முகவாயை உயர்த்திக் கேட்டாள்.

"என்னவாம்?"

டீச்சர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"மன்னிப்புக் கேக்கறா அத்தை."

"கேக்கட்டும், கேக்கட்டும்" என்றாள் மேட்ரன்.

மறுமுனையில் சின்னவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் போனை வைக்கவில்லை.